மார்க் இருந்தும் வெயிட்லிஸ்ட் ஏன்? அமெரிக்கக் கல்லூரி அட்மிஷன் தெரிந்தவர்கள் விளக்கவும்

எடிசன் வாசகி

வணக்கம். ரெகுலர் டிசிஷன் எனும் பொதுச் சுற்றின் முடிவுகள் எல்லாம் வந்துவிட்டன. ஒரு மாணவியின் விவரத்தை வைத்துக் கேட்கிறேன். பதில் இங்கே பலருக்கும் பயன்படும்.

நியூஜெர்சியில் பெரிய பொதுப் பள்ளி, 12ஆம் வகுப்பு. பள்ளி மதிப்பெண் சராசரியான ஜிபிஏ, கடினப் பாடங்களுக்குக் கூடுதல் எடை சேர்க்காமல், 4க்கு 3.96. எஸ்ஏடி நுழைவுத் தேர்வில் 1600க்கு 1550. பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடத்தும் ஏபி பாடங்கள் 11. ரோபாட்டிக்ஸ் அணி, வயலின், தமிழ்ப் பள்ளியில் உதவி ஆசிரியை. கேட்டது கணினி அறிவியல். மொத்தம் 10 கல்லூரி: 3 இடத்தில் அட்மிஷன், 2 இடத்தில் இல்லை, 5 இடத்தில் வெயிட்லிஸ்ட். அந்த ஐந்தில் இரண்டு, சேர்பவர்களின் எஸ்ஏடி 1450ஐ ஒட்டியே இருக்கும் கல்லூரிகள். இங்கே கண்டிப்பாகக் கிடைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். அதே பள்ளியில் இதைவிட மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கு அங்கே நேரடியாகக் கிடைத்திருக்கிறது. கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற எர்லி டிசிஷன் எங்கும் போடவில்லை. எந்தக் கல்லூரி எவ்வளவு உதவித்தொகை தருகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

தகுதி இருந்தால் சேர்க்கலாம், இல்லாவிட்டால் மறுக்கலாம். இந்த இரண்டுங்கெட்டான் நிலை எதற்கு? பட்டியலில் ரேங்க் உண்டா? இப்போது என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?

நிலவன், பாஸ்டன்

வணக்கம் அம்மா. நமக்குப் பழக்கமானது அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200க்குக் கட்ஆஃப். 196.5 எடுத்தவரை 196க்கு முன்னால் கூப்பிட்டே ஆக வேண்டும். அமெரிக்கத் தனியார் கல்லூரிகளில் அப்படி ஒரே வரிசை கிடையாது. ஓரளவுக்கு மேல் மதிப்பெண் பிள்ளைகளைப் பிரித்துக் காட்டுவதும் இல்லை.

ஹார்வர்ட் சேர்க்கையில் இனத்தைப் பார்ப்பதை எதிர்த்த வழக்கில் நீதிமன்றத் தீர்ப்பிலேயே வந்த கணக்கைப் பாருங்கள். 2019இல் பட்டம் பெறவேண்டிய வகுப்புக்கு உள்நாட்டு விண்ணப்பங்கள் சுமார் 26,000. அதில் முழு ஜிபிஏ வைத்திருந்தவர்கள் 8,000க்கும் மேல். எஸ்ஏடி கணக்கில் முழு மதிப்பெண் 3,400 பேர், ஆங்கிலப் பகுதியில் 2,700 பேர். வகுப்பின் இடமோ 1,700க்கும் குறைவு. ஆகவே 1550 என்பது உள்ளே நுழைய அனுமதிச் சீட்டு, அவ்வளவுதான். அதற்குப் பிறகு வேறு கணக்கு ஓடுகிறது.

அந்தக் கணக்கின் பெயர் ஈல்டு. இடம் கொடுத்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் உண்மையில் வந்து சேர்கிறார்கள் என்பது. ஒரு மாதிரிக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை.

ஒரு கல்லூரிக்கு 1,500 புது மாணவர்கள் வேண்டும். 700 பேரை எர்லி டிசிஷனில் எடுத்துவிட்டது. அவர்கள் வருவதாகக் கையெழுத்திட்டவர்கள், ஏறக்குறைய எல்லோரும் வந்துவிடுவார்கள். மிச்சம் 800. ரெகுலரில் ஈல்டு 30 சதவீதம் என்றால் 2,667 பேருக்கு இடம் கொடுக்க வேண்டும். அந்த 30 இந்த ஆண்டு 35 ஆனால் 933 பேர் வந்து நிற்பார்கள். 133 பேருக்கு விடுதியில் கட்டில் இல்லை. 27 ஆனால் 720 பேர்தான். 80 இடத்தின் கட்டணம் நான்கு ஆண்டுக்குப் போயிற்று. அதனால் கல்லூரி என்ன செய்யும்? 2,500 பேருக்கு மட்டும் கொடுக்கும். 750 பேர் வருவார்கள் என்று எதிர்பார்க்கும். குறையும் 50ஐ மே மாதத்தில் வெயிட்லிஸ்டிலிருந்து எடுத்து நிரப்பும். கூடினால் இறக்க வழியில்லை, குறைந்தால் ஏற்றிக்கொள்ளலாம் என்பதால் எப்போதும் குறைவாகவே ஆரம்பிக்கிறார்கள்.

கூடிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகளே போதும். 2017இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகம் 6,250 பேரை எதிர்பார்த்தது. சுமார் 7,100 பேர் வருகிறோம் என்றார்கள். சான்றிதழ் தாமதம், மதிப்பெண் குறைவு என்று காரணம் காட்டி 499 பேரின் அட்மிஷனை ரத்து செய்தது. பெரிய எதிர்ப்பு எழுந்து ஆகஸ்டில் வளாகத் தலைவர் மன்னிப்புக் கேட்டுப் பெரும்பாலோரைத் திரும்பச் சேர்க்க வேண்டியதாயிற்று. 2019இல் வர்ஜீனியா டெக்கில் எதிர்பார்த்ததைவிட 1,000 பேருக்கு மேல் அதிகம் வந்து, ஓராண்டு தள்ளிச் சேர்ந்தால் பண உதவி தருகிறோம் என்று மாணவர்களுக்குக் கடிதம் போனது. என்ரோல்மென்ட் அலுவலகத்தில் இருப்பவர் எவரும் இந்த இரண்டையும் மறப்பதில்லை.

50 இடத்துக்கு எதற்கு 3,000 பேரைப் பட்டியலில் வைக்கிறார்கள் என்று அடுத்த கேள்வி வரும். எந்த இடம் காலியாகும் என்பது மார்ச்சில் தெரியாது. நர்சிங்கில் 6 குறையலாம், இயந்திரவியலில் 15 குறையலாம், மேற்கு மாநிலங்களிலிருந்து ஆள் குறையலாம், ஆண் பெண் விகிதம் சாயலாம். ஒவ்வொரு ஓட்டைக்கும் பொருந்தும் துண்டு கையில் இருக்க வேண்டும். ரயில் டிக்கெட்டில் வெயிட்டிங் லிஸ்ட் 14 என்றால் முன்னால் 13 பேர் கழிந்ததும் நம் முறை. இங்கே அப்படி எண் இல்லை. பெரும்பாலான கல்லூரிகளின் பட்டியல் ரேங்க் செய்யப்படாதது.

கோப்பு

நிலவன் சொன்னது கூட்டல் கழித்தல் பக்கம். ஒரு குறிப்பிட்ட பிள்ளையின் கோப்பு ஏன் அந்தக் குவியலில் விழுகிறது என்பதைச் சொல்கிறேன்.

விண்ணப்பங்களைப் பகுதிவாரியாகப் பிரித்துப் படிக்கிறார்கள். மத்திய நியூஜெர்சிக்கு ஒரு அலுவலர் இருப்பார். உங்கள் பள்ளியிலிருந்து வந்த எல்லாக் கோப்புகளும் பெரும்பாலும் அவர் மேசைக்கே போகும். பக்கத்தில் பள்ளியின் புரொஃபைல் இருக்கும்: எத்தனை ஏபி நடத்துகிறார்கள், ஜிபிஏ எப்படிப் பரவியிருக்கிறது என்று. எடிசன், கூபர்டினோ, பிளேனோ போன்ற, நம்மவர்கள் நிறைய வாழும் ஊர்களில் ஒரே பள்ளியிலிருந்து ஒரே கல்லூரிக்கு முப்பது நாற்பது பேர் போடுவது சாதாரணம். அதில் இருபது பேருக்கு 3.9க்கு மேல், பதினைந்து பேர் கேட்பது கணினி அறிவியல். இந்த நிலையில் 11 ஏபி என்பது அந்தப் பள்ளியின் நடுவரிசையாகக்கூட இருக்கலாம். பள்ளிக்கு இத்தனை இடம் என்று எழுதிவைத்த ஒதுக்கீடு கிடையாது. ஆனால் ஒரே மாதிரியான பன்னிரண்டு கோப்பில் நான்கைத் தேர்ந்தெடுத்தபின் மீதி எட்டைக் கமிட்டியில் வாதாடி எடுப்பது கடினம். மறுக்கக் காரணம் இல்லாத அந்த எட்டும் வெயிட்லிஸ்டுக்குப் போகும்.

கமிட்டியில் ஒரு கோப்புக்குச் சில நிமிடம்தான். அங்கே ஒரு வாக்கியத்தில் பிள்ளையைச் சொல்லத் தெரிந்தால்தான் அலுவலரால் வாதாட முடியும். "நல்ல மதிப்பெண், ரோபாட்டிக்ஸ், வயலின்" என்று சொன்னால் யாரும் எதிர்க்க மாட்டார்கள், யாரும் எழுந்து நிற்கவும் மாட்டார்கள். வயலினிலும் ரோபாட்டிக்ஸிலும் குற்றமில்லை, தயவுசெய்து அப்படிப் படிக்காதீர்கள். காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத்தில் ஒரு செயல்பாட்டுக்கு 150 எழுத்து இடம்தான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதே விஷயம். "தமிழ்ப் பள்ளி உதவி ஆசிரியை, 3 ஆண்டு, குழந்தைகளுக்கு மொழியும் பண்பாடும் கற்பித்தேன்" என்பது எல்லார் கோப்பிலும் இருக்கும். "முதல் நிலை வகுப்பு, 14 குழந்தைகள், எழுத்துப் பயிற்சிக்கு 40 அட்டை நானே வரைந்தேன், இப்போது மூன்று வகுப்பு பயன்படுத்துகிறது" என்றால் ஆள் தெரிகிறது. அளவு, செய்த பொருள், அதனால் நடந்த மாற்றம் மூன்றும் வேண்டும்.

கடைசிக் கட்டம் ஒன்று இருக்கிறது. வெளியே யாருக்கும் தெரியாமல் இருந்து, ஹார்வர்ட் வழக்கின் 2018 விசாரணையில் எல்லாருக்கும் தெரியவந்தது. கமிட்டி முதலில் தற்காலிகமாகச் சேர்க்கும் எண்ணிக்கை, இடத்தைவிடச் சற்று அதிகமாக இருக்கும். கடைசி நாட்களில் அதை வெட்டுவார்கள். அதை அவர்கள் "லாப்" என்றே அழைத்தார்கள். அந்த வெட்டுப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் மதிப்பெண் இல்லை. முன்னாள் மாணவரின் பிள்ளையா, விளையாட்டு வீரரா, நிதி உதவி தேவையா, இனம் என்ன என்பவையே இருந்தன. (இனத்தைப் பார்ப்பதை 2023 ஜூன் 29 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நிறுத்திவிட்டது.) ஆக, சேர்க்கலாம் என்று கை தூக்கிய பிறகும் ஒரு பிள்ளை வெளியே போகலாம். பெயரும் முறையும் மாறினாலும், கடைசியில் வகுப்பை வடிவமைக்கும் இந்த வேலை தேர்வு கடுமையான எல்லாக் கல்லூரியிலும் நடக்கிறது. 1550 எடுத்தவர் வெயிட்லிஸ்டில் இருப்பதற்கு இதைவிட நேரான விளக்கம் எனக்குத் தெரியாது.

கணினி அறிவியல் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இல்லினாய் அர்பானா ஷாம்பெய்ன், கார்னகி மெலன், சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் கணினிக்குத் தனிக் கதவு. பல்கலைக்கழகம் முழுவதற்குமான ஏற்பு விகிதத்தைப் பார்த்து இது பாதுகாப்பான இடம் என்று முடிவு செய்வதே பல குடும்பங்களின் முதல் தவறு. அந்தப் பாடத்தின் விகிதம் அதில் பாதிகூட இருக்காது. வெயிட்லிஸ்டும் அப்படித்தான்: பல்கலைக்கழகத்தில் 200 பேரை எடுத்தார்கள் என்ற செய்தியால் கணினிப் பட்டியலில் ஒரு பெயர்கூட நகர்ந்திருக்க வேண்டியதில்லை.

தரவு

அந்த 1450 கல்லூரிகள் பற்றி யாரும் சொல்லவில்லை. அங்கே நடந்தது வேறு.

கல்லூரியின் பெயரோடு "காமன் டேட்டா செட்" என்று தேடினால் ஒரு ஆவணம் கிடைக்கும். பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. அதில் சி7 என்ற அட்டவணையில், விண்ணப்பத்தின் எந்தெந்த அம்சத்துக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று இருக்கும். கடைசிப் பகுதியில் விண்ணப்பதாரரின் ஆர்வம் என்று ஒரு வரி. அதற்கு நேரே "முக்கியம்" அல்லது "மிக முக்கியம்" என்று இருந்தால், 1550 எடுத்த பிள்ளை எட்டிப்பார்க்காமலே விண்ணப்பித்தது அவர்கள் கண்ணில் பட்டிருக்கும். வளாகத்துக்கு வந்தாரா, இணைய அறிமுகக் கூட்டத்தில் சேர்ந்தாரா, மின்னஞ்சலைத் திறந்தாரா என்பதெல்லாம் மென்பொருளில் பதிவாகிறது. ஸ்லேட் என்ற மென்பொருளைத்தான் பெரும்பாலான அலுவலகங்கள் வைத்திருக்கின்றன. "ஏன் எங்கள் கல்லூரி" கட்டுரையில் கல்லூரியின் பெயரை மாற்றினால் வேறு கல்லூரிக்கும் பொருந்துகிறது என்றால் அதுவும் ஒரு அடையாளம். எர்லி டிசிஷன் வாய்ப்பு இருந்தும் ரெகுலரில் போட்டிருக்கிறார், மதிப்பெண் நம் சராசரியைவிட 100 கூடுதல், தொடர்பே இல்லை. வரமாட்டார் என்று முடிவு செய்து வெயிட்லிஸ்டில் வைப்பார்கள். உண்மையிலேயே வர விரும்பினால் ஏப்ரலில் எழுதட்டும் என்பதே அதன் பொருள்.

அதே பள்ளியில் குறைந்த மதிப்பெண்ணுக்குக் கிடைத்தது எப்படி என்றால், முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பிள்ளை எர்லி டிசிஷனில் போட்டதா, வேறு பாடம் கேட்டதா என்பதை. பெரும்பாலும் விடை இந்த இரண்டுக்குள் இருக்கும்.

ஒரு திருத்தம். ரேங்கிங்கில் உயர ஈல்டைக் காப்பாற்றுகிறார்கள் என்று வாட்ஸ்அப் குழுக்களில் ஓடுகிறது. யு.எஸ். நியூஸ் தன் ரேங்கிங்கிலிருந்து ஈல்டை 2003லேயே நீக்கிவிட்டது. ஏற்பு விகிதத்தை 2018இல் நீக்கியது. இப்போது கல்லூரிகளை உந்துவது கட்டிலும் கட்டண வருமானமும்தான். ஹார்வர்ட் போல ஈல்டு 80 சதவீதத்தைத் தாண்டும் இடங்களுக்கு இந்த விளக்கமே பொருந்தாது. அங்கே வராமல் போவார் என்ற பயம் அவர்களுக்கு இல்லை.

அதே ஆவணத்தில் சி2 பகுதியையும் பாருங்கள். மூன்று எண் இருக்கும்: வெயிட்லிஸ்ட் தரப்பட்டவர்கள், அதில் இருக்கிறேன் என்று சொன்னவர்கள், கடைசியில் சேர்க்கப்பட்டவர்கள். பட்டியல் ரேங்க் செய்யப்பட்டதா என்ற கேள்வியும் அங்கேயே இருக்கிறது. மூன்றாவது எண்ணை இரண்டாவதால் வகுக்க வேண்டும், முதலாவதால் அல்ல. பலர் இங்கே தவறுகிறார்கள். ஒரு ஆண்டை மட்டும் பார்த்து நம்பாதீர்கள், ஐந்து ஆண்டு எடுங்கள். ஒரே கல்லூரியில் ஒரு ஆண்டு பூஜ்யம், அடுத்த ஆண்டு நூற்றுக்கணக்கில் என்று இருக்கும். 2020 கொரோனா ஆண்டு, கணக்கில் சேர்க்க வேண்டாம். அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கை ஆலோசகர்கள் சங்கமான நாக்காக்கின் 2019 அறிக்கைப்படி, பட்டியலில் இருக்கச் சம்மதித்தவர்களில் சராசரியாக 20 சதவீதம் பேருக்குக் கிடைத்தது. தேர்வு மிகக் கடுமையான கல்லூரிகளில் 7 சதவீதம். கணினி அறிவியலுக்கு அதையும் குறைத்தே நினைத்துக்கொள்ளுங்கள்.

எடிசன் வாசகி

நிலவன், கோப்பு, தரவு மூவருக்கும் நன்றி. அந்த இரண்டு கல்லூரியின் சி7ஐ இப்போதுதான் பார்த்தேன். ஒன்றில் ஆர்வம் "முக்கியம்" என்றே இருக்கிறது. வளாகம் பார்க்கப் போகவில்லை, கூட்டங்களிலும் சேரவில்லை. இனி என்ன செய்வது என்று படிப்படியாகச் சொன்னால் நல்லது. நிதி உதவி கேட்டது பாதிக்குமா என்பதும் தெரிய வேண்டும்.

கோப்பு

முதல் வேலை, கிடைத்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்து மே 1க்குள் டெபாசிட் கட்டுவது. வெயிட்லிஸ்டை நம்பி அந்தத் தேதியைத் தவறவிட்டால் கையில் இருக்கும் இடமும் போய்விடும். பின்னால் வெயிட்லிஸ்டில் கிடைத்தால் அந்த டெபாசிட் திரும்ப வராது, சில நூறு டாலர் இழப்பு. அது ஒழுங்கான வழிதான், முதல் கல்லூரிக்கு உடனே எழுதிச் சொல்லிவிட்டால் போதும். ஆனால் இரண்டு கல்லூரியில் ஒரே நேரம் டெபாசிட் கட்டுவது தவறு. தெரிந்தால் இரண்டும் ரத்தாகலாம்.

அடுத்து, போர்ட்டலில் போய் "பட்டியலில் இருக்க விரும்புகிறேன்" என்பதைக் குறிக்க வேண்டும். தானாகச் சேர்க்க மாட்டார்கள். ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனிக் கெடு இருக்கும், பெரும்பாலும் ஏப்ரல் நடுவில். ஐந்திலும் குறிக்க வேண்டியதில்லை. கையில் இருக்கும் மூன்றைவிட உண்மையிலேயே மேலென்று நினைக்கும் ஒன்றோ இரண்டோ போதும்.

பிறகு கடிதம். தொடர் ஆர்வக் கடிதம் என்று இதைச் சொல்வார்கள். போர்ட்டலில் பதிவேற்ற இடம் இருந்தால் அங்கே, இல்லையென்றால் பகுதி அலுவலருக்கு மின்னஞ்சல். கூடுதல் ஆவணம் அனுப்பாதீர்கள் என்று கல்லூரி எழுதியிருந்தால் அனுப்பவே கூடாது. சொன்னதைக் கேட்காதவர் என்ற பெயர்தான் மிஞ்சும். நீளம் 300 முதல் 400 சொல். முதல் இரண்டு வரியில், இடம் கிடைத்தால் நிச்சயம் சேர்வேன் என்று தெளிவாக எழுத வேண்டும். இதை ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் எழுதலாம். மற்றவற்றுக்கு மிகுந்த விருப்பம் என்பதோடு நிறுத்த வேண்டும். வெயிட்லிஸ்டிலிருந்து எடுக்கும்போது கல்லூரிக்கு ஈல்டு ஏறக்குறைய 100 வேண்டும். கொடுத்த இடத்தையும் மறுத்துவிட்டால் இன்னொருவரைத் தேட மே மாதத்தில் நேரமில்லை. அதனால் அந்த ஒரு வாக்கியம் கடிதத்தில் மற்ற எதையும்விடக் கனமானது.

மீதியில் ஜனவரிக்குப் பிறகு நடந்த புதிய செய்தி இரண்டு அல்லது மூன்று. ரோபாட்டிக்ஸ் அணி மார்ச்சில் எந்தச் சுற்று வரை போனது, அதில் அவர் எழுதிய பகுதி எது, தமிழ்ப் பள்ளியில் எத்தனை குழந்தைகள் அடுத்த நிலைக்குப் போனார்கள் என்ற அளவில். கடைசியில் கல்லூரியோடு பொருந்தும் ஒரு விவரம்: குறிப்பிட்ட ஆய்வகம், குறிப்பிட்ட பாடத்திட்டம், அங்கே அவர் என்ன செய்வார் என்று. வளாகம் அழகு, பேராசிரியர்கள் சிறந்தவர்கள் என்பது போன்றவை வேண்டாம். பழைய கட்டுரையைச் சுருக்கித் திரும்ப எழுத வேண்டாம். இன்னொரு மாணவருக்குக் கிடைத்ததைச் சுட்டவே கூடாது.

கல்லூரி விண்ணப்பத்துக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலரைப் பிள்ளையே போய்ப் பார்க்கட்டும். மூன்றாம் காலாண்டு மதிப்பெண் அனுப்பச் சொல்லலாம். இது உன் முதல் விருப்பம் என்றால் அலுவலருக்கு நான் எழுதுகிறேன் என்று பல கவுன்சிலர்கள் ஒப்புக்கொள்வார்கள். அந்த ஒரு மின்னஞ்சல் புதிய சிபாரிசுக் கடிதங்கள் மூன்றைவிடப் பயன் தரும். பெற்றோர் தொலைபேசியில் அழைப்பது, நேரில் போய் நிற்பது, தெரிந்த முன்னாள் மாணவர்களை எழுத வைப்பது எதுவும் உதவாது. ஆசிரியர்களிடம் மேலும் மேலும் கடிதம் வாங்கிக் குவிப்பதும் அப்படித்தான்.

12ஆம் வகுப்புக் கடைசி மதிப்பெண் விழக் கூடாது. வெயிட்லிஸ்டிலிருந்து எடுப்பதற்கு முன் கோப்பைத் திரும்பத் திறப்பார்கள்.

பிளேனோ

நிதி பற்றி. ரெகுலரில் குடும்ப வருமானம் பார்ப்பதில்லை என்று அறிவித்த கல்லூரிகளில் பலவும் வெயிட்லிஸ்டுக்கு வரும்போது பார்க்கின்றன. உதவித்தொகைக்கான பணத்தை ஏப்ரலுக்குள் பங்கிட்டு முடித்திருப்பார்கள். மே மாதத்தில் முழுக் கட்டணம் கட்டக்கூடியவரை எடுப்பது அவர்களுக்கு எளிது. அந்தக் கல்லூரியின் இணையப் பக்கத்தில் வெயிட்லிஸ்ட் கேள்வி பதில் பகுதியில் இது எழுதியிருக்கும். இல்லையென்றால் நிதி உதவி அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள்: "வெயிட்லிஸ்டிலிருந்து சேர்க்கும்போதும் தேவையைப் பார்க்காமல்தான் முடிவெடுக்கிறீர்களா, முழுத் தேவையையும் நிறைவேற்றுவீர்களா?" இரண்டும் வெவ்வேறு கேள்வி. மெரிட் ஸ்காலர்ஷிப் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் கிடைக்காது. ஆகவே இப்போது கையில் உள்ள மூன்றில் ஒன்று மெரிட் தொகை தந்திருந்தால், வெயிட்லிஸ்ட் கல்லூரியின் முழுக் கட்டணத்தோடு நான்கு ஆண்டுக்கும் ஒப்பிட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பு வந்தால் பதில் சொல்ல இரண்டு மூன்று நாள்தான் தருவார்கள், சில இடத்தில் அதுவும் இல்லை. அப்போது உட்கார்ந்து கணக்குப் போட நேரமிருக்காது.

எச்4 விசாவில் (எச்1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கானது) இருக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு முடிச்சு. இங்கேயே மழலையர் வகுப்பிலிருந்து படித்திருந்தாலும் கூட்டாட்சி அரசின் நிதி உதவி கிடையாது. பல தனியார் கல்லூரிகள் அவர்களை நிதி விஷயத்தில் வெளிநாட்டு மாணவராகவே கொள்கின்றன. வெளிநாட்டு மாணவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் சேர்க்கும் கல்லூரிகள் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத் போன்ற சிலவே. மற்ற இடங்களில் உதவி வேண்டும் என்று டிக் செய்த எச்4 பிள்ளைக்கு, அதே மதிப்பெண் உள்ள குடியுரிமை பெற்ற பிள்ளையைவிட வெயிட்லிஸ்ட் வரும் வாய்ப்பு அதிகம். இது அநியாயமாகப்படலாம், எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் பட்டியல் போடும்போதே இதைத் தெரிந்துகொண்டு போடுவது நல்லது.

விரிகுடா

கலிபோர்னியாப் பல்கலைக்கழக வளாகங்களுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது, அதையும் இங்கே பதிந்துவிடுகிறேன். எஸ்ஏடியை அவர்கள் பார்ப்பதே இல்லை. 1550ஐ அனுப்பினாலும் தேர்வில் கணக்கில் வராது. ஆர்வம் காட்டுவதும் கணக்கில்லை. வளாகம் போய்ப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஒன்றுதான். ஜிபிஏ, எடுத்த பாடங்களின் கடுமை, ஒவ்வொன்றுக்கும் 350 சொல்லுக்குள் பதில் எழுதும் நான்கு கேள்விகள், பிள்ளை எந்தச் சூழலில் படித்தது என்பதுதான் எடை. லாஸ் ஏஞ்சலஸ் வளாகமான யுசிஎல்ஏவுக்கு 2023இல் புதுமுக விண்ணப்பங்கள் மட்டும் 1,45,000க்கு மேல்.

வெளிமாநில மாணவர்களுக்கு உச்சவரம்பு இருக்கிறது. 2017இல் பெரும்பாலான வளாகங்களுக்கு 18 சதவீதம் என்று வைத்தார்கள். பெர்க்லி, யுசிஎல்ஏ, சான் டியேகோ போன்ற, அப்போதே அதைத் தாண்டியிருந்த வளாகங்களை மாநில அரசு பணம் கொடுத்துக் கீழே இறக்கிவருகிறது. நியூஜெர்சியிலிருந்து போடுபவர் இதைச் சேர்த்தே எண்ண வேண்டும்.

வெயிட்லிஸ்ட் வந்தால் ஒவ்வொரு வளாகத்துக்கும் தனியாகச் சம்மதம் குறிக்க வேண்டும். எத்தனை வளாகத்திலும் இருக்கலாம். சம்மதம் குறிக்கும் இடத்திலேயே எழுதக் கட்டம் தந்தால் அதில் எழுதுங்கள். தராவிட்டால் கடிதம், சிபாரிசு எதையும் அனுப்ப வேண்டாம், படிக்க மாட்டார்கள்.

சென்னை தாம்பரம்

இந்தியாவிலிருந்து நேரடியாக விண்ணப்பித்தவர்களுக்கும் இதே முறைதானா? ஜூனில் கிடைத்தால் விசாவுக்கு நேரம் இருக்குமா?

பிளேனோ

தேர்வு முறை அதேதான். நேரம்தான் சிக்கல். மே 1க்குள் ஒரு கல்லூரியில் டெபாசிட் கட்டி, விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தை வாங்கிவிடுங்கள். வெளிநாட்டு மாணவர்களைப் பதிவு செய்யும் அமெரிக்க அரசின் சேவிஸ் முறைக்கான கட்டணம் 350 டாலர். ஜூனில் வெயிட்லிஸ்ட் கல்லூரி அழைத்தால் புதிய ஐ-20, புதிய சேவிஸ் எண் வரும். கட்டிய கட்டணத்தைப் புதிய எண்ணுக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம், திரும்பக் கட்ட வேண்டாம். விசா ஏற்கெனவே முத்திரை ஆகியிருந்தால் கவனம்: முதல் நுழைவில் விசாவில் உள்ள கல்லூரியும் கையில் உள்ள ஐ-20யும் ஒன்றாக இருக்க வேண்டும். மாறியிருந்தால் சென்னைத் துணைத் தூதரகத்தையும் புதிய கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தையும் கேட்காமல் விமானம் ஏறாதீர்கள். வங்கி இருப்புச் சான்று, கல்விக் கடன் அனுமதிக் கடிதம் இரண்டையும் கட்டணம் அதிகமுள்ள கல்லூரிக்குப் போதுமான தொகைக்கே ஏப்ரலில் வாங்கி வையுங்கள். ஐ-20 தாமதமாவது பெரும்பாலும் இந்தக் காகிதத்தில்தான். ஜூலை நடுவில் கிடைத்தால், ஓராண்டு தள்ளிச் சேர முடியுமா என்று கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

எடிசன் வாசகி

ஒன்றிரண்டு மட்டும். ஏப்ரலில் கடிதம் அனுப்பியபின் மறுபடி எழுதலாமா? எப்போது வரை காத்திருப்பது? இதே கல்லூரிக்கு இரண்டாம் ஆண்டில் மாறி வரும் வழி உண்டா?

கோப்பு

மறுபடி ஒருமுறை எழுதலாம், மே முதல் வாரத்தில், ஐந்தாறு வரி. கடைசி மதிப்பெண், ஏதாவது புதிய முடிவு இருந்தால் அது, இன்னும் வரத் தயார் என்பது. அதற்குமேல் வேண்டாம்.

மே 1 டெபாசிட்டுகளை எண்ணி முடித்ததும் முதல் அலை போகும். தேர்வு கடுமையான கல்லூரிகள் தம் பட்டியலிலிருந்து ஒருவரை எடுத்தால், அவர் டெபாசிட் கட்டிய அடுத்த கல்லூரியில் ஒரு இடம் காலியாகும். அது தன் பட்டியலைத் திறக்கும். இப்படிப் படிப்படியாக இறங்கி ஜூன் கடைசி வரை போகும். சில இடத்தில் ஆகஸ்டிலும் ஓரிருவரை எடுப்பார்கள். பல கல்லூரிகள் முதலில் தொலைபேசியில் கேட்கும், அதனால் போர்ட்டலில் கொடுத்த எண் பிள்ளையுடையதாக இருக்கட்டும், தெரியாத எண் என்று எடுக்காமல் விட வேண்டாம். ஸ்பாம் பெட்டியையும் பார்க்கச் சொல்லுங்கள். பட்டியலை மூடிவிட்டோம் என்று கடிதம் வந்தால் அங்கே முடிந்தது. ஜூன் 30க்குள் எதுவும் வராவிட்டால் விடுதி, பாடப் பதிவு, ஓரியன்டேஷன் எல்லாம் டெபாசிட் கட்டிய கல்லூரியில் முழு மனதோடு செய்யட்டும்.

மாறி வருவது முடியும். கார்னெல் போன்ற சில இடங்கள் முதல் ஆண்டை வேறிடத்தில் குறித்த மதிப்பெண்ணோடு முடித்தால் இரண்டாம் ஆண்டில் சேர்க்கிறோம் என்று சிலருக்கு எழுதியே தருகின்றன. அப்படிக் கடிதம் வராதவர்கள் மற்றவர்களோடு சேர்ந்து பொதுவாக விண்ணப்பிக்க வேண்டும். கணினி அறிவியலில் மாறுதல் இடம் மிகக் குறைவு என்பதால், எந்தப் பாடங்களை முதல் ஆண்டில் எடுத்தால் அங்கே ஏற்பார்கள் என்று அந்தத் துறைப் பக்கத்தில் ஆகஸ்டுக்கு முன்பே பார்த்து, அதற்கேற்பப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கால்குலஸ் இரண்டாம் பகுதி, ஒரு நிரலாக்கத் தொடர் இரண்டும் பெரும்பாலான இடத்தில் கேட்பார்கள்.